ஒளிவட்டம் போட்ட மிக்சர் பாக்கெட்

தன் முகத்தின் மேல் ஆசை இருப்பது தப்பில்லை. அதை அச்சடித்து ஊருக்கு விநியோகிக்கும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மோகனூரில் எங்களுக்கு மிக்சர் கடை. அப்பா செய்தித்தாளில் பொட்டலம் கட்டித்தான் விற்பார். தின்று முடித்தவர்கள் தாளை விரித்துப் படிப்பார்கள். கீழே போட்டால் ஆடு தின்றுவிடும். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. (வயது அப்படி!) சூரமங்கலத்து அச்சகம் ஒன்றில் பளபளவென்று பிளாஸ்டிக் பாக்கெட் அடித்தேன். நடுவில் என் முகம். எடுப்பாக இருக்கட்டுமே என்று தலைக்குப் பின்னால் மஞ்சளில் ஒரு ஒளிவட்டம் வேறு. இவ்வளவு அழகான பாக்கெட்டை யார் தூக்கி எறிவார்கள், வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

தேர்த் திருவிழாவில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. ஆனால் ஒரு பிடி மிக்சர் கொள்ளும் சின்னப் பாக்கெட். கோயிலில் வாங்கினால் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் காலி. காலியான இடத்திலேயே கீழே விழுந்தது. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு என்னை நிராகரித்தன.

மறுநாள் காலை திருச்செங்கோட்டிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். போட்டோவில் பார்த்த நாள் முதல், கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்றிருந்தேன். (என் போட்டோவை யாரும் கேட்கவில்லை.) கோயிலை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் பட்டு வேட்டியோடு நின்றேன். பெண்ணின் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். படமோ தாளோ காலில் பட்டால், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் எங்கள் பக்கத்து ஆட்கள் நகரமாட்டார்கள்.

“வழி நெடுக ஏதோ சாமி படமுங்க. மிதிக்காம கால் வெக்க முடியலீங்க. குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டுட்டே வாரேன்” என்றவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தன் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார்.

“ஏனுங்க, இது நீங்களா?”

“ஆமாங்க. மிக்சருங்க.” (வேறென்ன சொல்ல?)

“எம்பட புள்ளயக் குடுக்கறதுக்கு முன்னாடியே என்னைக் கும்பிட வெச்சுப்போட்டீங்களே!” என்று திரும்பி நடந்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, அவர் கால் வைப்பதற்குள் என்னை நானே பொறுக்கினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு வந்தபோது சாக்கு நிரம்பியிருந்தது. அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்திருந்தது.

“போதுஞ் சாமி, நிமிருங்க. ஊட்டுக்குப் போயிக் காப்பி குடிக்கலாம்.”

மிக்சர் மறுபடி செய்தித்தாளுக்கே போனது. கல்யாணமும் நடந்தது. இன்றைக்கும் தெருவில் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட் கிடந்தால் போதும், என் மனைவி சத்தமாகவே சொல்வாள்: “ஏனுங்க, நம்ம சாமி கீழ உழுந்து கெடக்குதுங்க!”

குனிந்து எடுக்கிறேன். மாமனாரின் இடுப்பு வலி இப்போது எனக்கு.