பேர்குளோரேற்று சேர்

வட்டகொடையிலிருந்து வலப்பனை வரை, பேர்குளோரேற்று சேரைப் போலப் பொறாமைக்குத் தகுதியானவர் வேறெவரும் இலர். பன்னிரண்டு ஆண்டுகள் அவர்மீது பொறாமைப்படும் பணியை ஒழுங்காகச் செய்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் தமிழாசிரியன், அவர் இரசாயனவியல். எங்கள் வகுப்புகளுக்கு நடுவே ஒரு பலகைத் தடுப்பு. ராக்கெட்டின் உந்துபொருள்களைத் தவிர அவருக்கு உலகில் பேசத் தகுந்த பொருள் வேறில்லை. பனி படிந்த பேருந்துக் கண்ணாடியில் மூலக்கூறு வரைவார். நடத்துநர் துடைத்தால் அடுத்த கண்ணாடிக்கு நகர்வார். நைதரசனைக் கூண்டில் அடைத்தாற்போன்ற சேர்வையொன்றை ஒருநாள் விளக்கினார்.

"பத்தடி லயக் காம்பராவுல ஆறு குடும்பத்தப் போட்டுப் பூட்டுன மாதிரி. கதவு எப்ப தொறக்கும்னு நிக்குதுங்க. அதான் அம்புட்டு வேகம்."

தடுப்புக்கு இப்பால், யாப்பிலக்கணம் கேட்டுக்கொண்டிருந்த என் மாணவர் அனைவரும் சிரித்தனர்.

என் மாணவி கோகிலாவை எப்படியும் உயர்தரக் கலைப்பிரிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டுமென்று நான் தவமிருந்தேன். அவளுக்கோ இரசாயனத்தில் பித்து. விஞ்ஞானப் பிரிவுக்குப் போக, படிவத்தில் தாய் கையொப்பமிட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் கலைப்பிரிவுக்காக நாற்பது நிமிடம் பேசினேன். கொழுந்து பறித்துக் களைத்த தாய்மார் கண்ணயர்ந்தனர்.

பேர்குளோரேற்று சேர் எழுந்தார். "மலைக்குப் போறப்ப ரொட்டியும் தேத்தண்ணியும் கையோட கொண்டு போறீங்கள்ல? அங்க மேல காத்து கெடையாதும்மா. அதனால ராக்கெட்டு, எரியிறதுக்கு வேண்டிய ஒட்சிசனையும் கட்டிக்கிட்டுப் போகுது. அதக் குடுக்குறதுதான் அமோனியம் பேர்குளோரேற்று."

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்ப திரும்பி வர்றதுக்குங்க சேர்?" என்றார் கோகிலாவின் தாய்.

"திரும்பி வராதும்மா. போனது போனதுதான்," என்றார் அவர், பெருமிதத்தோடு.

கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளைக் கண்ட தோட்டத் தொழிலாளர் லயம் அது. தாய் பேனாவை மூடினார். "போனா வராத படிப்பு எம்புள்ளைக்கு வேணாங்க" என்று படிவத்தை என்னிடம் நீட்டினார்.

நான் வென்றுவிட்டேன். கோகிலா தரையைப் பார்த்தாள். அவரோ, எதையும் வரையாமலேயே வெண்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து என் பொறாமை என்னைக் கைவிட்டது.

"வராதது ராக்கெட்டுங்கம்மா. புள்ள லீவுக்கு வந்துரும்," என்றேன்.

அன்று நான் பேசியதில் கூட்டம் விழித்திருந்து கேட்டது அந்த ஒரு வரியைத்தான். தாய் கையொப்பமிட்டார்.

பல்கலைக்கழகத்திலிருந்து முதல் விடுமுறைக்கு வந்த கோகிலா, நேரே போய்ப் பார்த்தது அவரைத்தான். அதற்கும் பொறாமைப்பட்டு முடித்தேன். சென்ற மாதம் அவர் வலப்பனைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். தடுப்புக்கு அப்பால் அமைதி. யாப்பை இடையூறின்றி நடத்துகிறேன். வகுப்பில் காற்றுத்தான் போதவில்லை.