சாருக்கும் டாவுக்கும் நடுவே

மரை கழன்றது திருகாணிக்குத்தான், எங்கள் மாப்பிள்ளைக்கு இல்லை. இந்த மாடிக் குடியிருப்பில் இருக்கிற நீங்கள் இதை முதலில் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். அவர் கார் திருட்டு வண்டி, அதனால்தான் போலீஸ்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார் என்கிறாள் இரண்டாம் மாடிக்காரி. சுத்தியலும் கையுமாக அந்த மனுஷன் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததை நானே பார்த்தேன் என்கிறார் சலவைக் கடைக்காரர். லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த ஆள், மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்திராதவர், "எல்லாம் மாமியார் தொல்லையா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். யார், நானா தொல்லை?

ஒன்று கேட்கிறேன். திருடன் நம்பரை மறைப்பானா, காட்டுவானா? எங்கள் மாப்பிள்ளை நம்பரைக் காட்டுவதற்காகவே வண்டி வாங்கியவர். அவர் வேறு இனம். ஊருக்கு நாலு பேராவது இருக்கிற, ஆளைக் கடிக்காத, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் காதைக் கடித்தே தீருகிற இனம். நம்பர்க்காரர் என்று அதற்குப் பெயர்.

நம்பர்க்காரரை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். நீங்களும் நானும் வண்டியைப் பார்ப்போம், வேலையில்லாவிட்டால் நம்பரைப் பார்ப்போம். அவர் நம்பரைப் பார்ப்பார், வேலையில்லாவிட்டால் வண்டியைப் பார்ப்பார். கடைக்குப் போனால், தன் வண்டியின் பின்பக்கம் வாசலைப் பார்த்து நிற்கிற மாதிரி இடம் அமையும்வரை சுற்றுவார். நாலு இடம் காலியாகக் கிடக்கும், அவர் கண்ணுக்கு அதெல்லாம் இடமே இல்லை. ஐந்தாவது சுற்றில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே, கதவைத் திறந்தால் ஒரு பூனை மட்டும் இறங்கக்கூடிய சந்தில் செருகிவிட்டு, "இறங்குங்க அத்தை" என்பார். நான் இறங்கியிருக்கிறேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

குடும்பப் படம் எடுத்தால் நடுவில் நம்பர் இருக்கும், ஓரத்தில் குடும்பம் இருக்கும். என் பேத்தி முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நாளில் எடுத்த படத்தில் அவளுக்கு ஒரு காதுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்துக்கொண்டு எழுத்துகளின் இடுக்குகளைத் துலக்குவார். என் மகள் ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"என் மூஞ்சிய இப்படி ஒருநாள் கிட்டக்க பாத்திருப்பீங்களா?"

"உனக்கு நம்பர் இல்லையேம்மா."

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடைக்க வெகுநேரம் ஆயிற்று.

ஆனால் மனுஷன் தங்கம். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. உங்களுக்கும் இருக்கக் கூடாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கிளச்சைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற ஒரு தையல்காரரை, சந்தைத் தெரு நெரிசலில் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்தவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் அவரை 'சார்' என்பார்கள். காலையில் சார், மத்தியானம் சார், பள்ளத்தில் இறங்கினால் "ஐயோ சார்". இந்தச் சார் மெல்ல மெல்ல அவர் தலைக்கு ஏறி, அங்கேயும் இடம் போதாமல், வண்டியின் பின்பக்கத்துக்கு இறங்கிவிட்டது.

எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த நம்பர் மனப்பாடம். எஸ், நாலு, நாலு. பிறகு ஓர் இடைவெளி. பிறகு ஆர், டி, ஏ. சட்டப்படி இப்படித்தான் எழுத வேண்டும். இதில் ஏதாவது புரிகிறதா? ஒன்றும் புரியாது, டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். ஆனால் கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் நாலு என்கிற இலக்கம் இங்கிலீஷ் ஏ மாதிரி தெரியுமாம். ஆர் எழுத்தை இடைவெளிக்கு இந்தப் பக்கம் இழுத்துவிட்டால் முதல் பாதி 'சார்' ஆகிவிடுமாம். அந்தப் பக்கம் மிச்சம் நிற்பது 'டா'. இந்த ஊரில் பிடித்த நம்பரைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், இதற்காக ஆறு மாதம் நம்பர் விற்கிறவர்களை எல்லாம் தேடி அலைந்திருக்கிறார்.

"பாருங்க அத்தை! சார் டா! எப்படி இருக்கு?"

"இதுல சார் யாரு, டா யாரு மாப்பிள்ளை?"

"ரெண்டும் நான்தான்."

"அப்ப உங்கள நீங்களே டா போட்டுக் கூப்பிடுறீங்களா?"

அவர் முகம் லேசாக வாடியது. "அப்படி இல்ல அத்தை. 'நான் யாரு? சார், டா!' அப்படின்னு படிக்கணும். ஒரு கெத்து."

அவர் அப்படிப் படிக்கிறார், சரி. தெரு எப்படிப் படிக்கும்? இரண்டே நாளில், பந்து விளையாடுகிற பிள்ளைகள் வண்டியைக் கண்டதும் "சார் வர்றான் டா", "வழிய விடு டா சார்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க மரியாதையாகக் கூப்பிடப்பட்ட மனுஷன், சொந்தச் செலவில் டா வாங்கிப் பின்னால் மாட்டிக்கொண்டார். இதைச் சொன்னால், "பொறாமை அத்தை" என்பார். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன பொறாமை?

போலீஸ்காரர் வந்த கதை இவ்வளவுதான். நம் வாசலிலேயே வண்டியை நிறுத்தினார், பின்னால் போய்க் குனிந்தார்.

"என்ன சார் இது?"

"சார்தான் சார்."

"அது தெரியுது. ஆர் ஏன் இந்தப் பக்கம் வந்துச்சு?"

"ஒரு விரல் எடம்தானே சார் நகர்ந்திருக்கு..."

"தானா நகர்ந்துச்சா? அப்ப தானா திரும்பிப் போகச் சொல்லுங்க. இன்னொரு தடவை பாத்தேன்னா நம்பரே உங்ககிட்ட இருக்காது."

படம் எடுத்தார், அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், போனார். இதில் திருட்டு எங்கே வந்தது?

'ஒரு விரல் இடம்' என்பதுதான் நம்பர்க்காரர்களின் தாரக மந்திரம். அந்த ஒரு விரலால் என்னென்ன வந்தது என்று கேளுங்கள். சுங்கச்சாவடிக் கேமராவுக்கு 'சார் டா' படிக்கத் தெரியாமல், வேறு யாரோ ஒரு பல் டாக்டரின் நம்பராகப் படித்து, ஊரை விட்டு நகராத அந்த மனிதருக்கு மூன்று நோட்டீஸ் அனுப்பிவிட்டது. அவர் எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசிவிட்டுப் போனார். "கேமராவாலயே நம்மளப் பிடிக்க முடியல, பாத்தீங்களா அத்தை?" என்று மாப்பிள்ளைக்குப் பெருமை. நாளைக்கு வண்டி காணாமல் போனால் தேடுவதும் அதே கேமராதானே? கேட்டேன். பிரஷைத் தேடப் போய்விட்டார். விபத்து ஏதாவது நடந்தால் இந்த நம்பர் தட்டைக் காட்டிக் கையை விரித்துவிடுவோம் என்று காப்பீட்டுக் கம்பெனிக்காரர் போனில் சொன்னார். அவருக்கும் பொறாமைதான், வேறென்ன!

போலீஸ்காரர் வந்துபோன பிறகு மாப்பிள்ளை திருந்தினாரா? நம்பர்க்காரர் திருந்த மாட்டார். இரண்டாவது ஜோடி வாங்குவார். சட்டப்படி இடைவெளி விட்ட தட்டு ஒரு ஜோடி, அதற்கு 'நல்லபிள்ளை' என்று பெயர். மற்றது 'கெத்து'. வண்டிப் பரிசோதனை வந்தால், மாணவர்களுக்கு டெஸ்ட் வந்தால், காலையில் உட்கார்ந்து கெத்தைக் கழற்றி நல்லபிள்ளையை மாட்டுவார். வேலை முடிந்ததும் நல்லபிள்ளை போர்வைக்குள் போய்விடும், கெத்து வெளியே வரும். மாட்டி, கழற்றி, மாட்டி, கழற்றி, பின்பக்கத் திருகாணி ஒன்றுக்கு மரை தேய்ந்து போனது. திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. மரை கழன்ற கதை இதுதான். சலவைக் கடைக்காரரிடம் யாராவது சொல்லுங்கள்.

அது கழன்ற நாள் எந்த நாள் தெரியுமா? மாப்பிள்ளையிடம் கற்றுக்கொள்ள வந்த நர்ஸ் பெண்ணுக்கு டெஸ்ட் இருந்த வியாழக்கிழமை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்டில் ராத்திரியும் பகலுமாக ஒன்பது வருடம் நின்று கால் வீங்கிப்போனவள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. பகல் வேலை, பிள்ளை தூங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரே நிபந்தனை, மாதம் முடிவதற்குள் கார் லைசென்ஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இந்த முறை மாப்பிள்ளை அவளைப் பக்காவாகத் தயார் செய்திருந்தார்.

வியாழக்கிழமை காலை முன்பக்கத்தில் நல்லபிள்ளையை மாட்டிவிட்டார். பின்பக்கத்தில் திருகாணி சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நேரம் ஓடுகிறது. கடைசியில், டெஸ்ட் மைதானத்துக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக, வண்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். அதிகாரி முன்னால் வருவார், நம்பரைப் பார்ப்பார், ஏறி உட்காருவார் என்று கணக்கு.

அதிகாரி முன்னால் வந்தார், நம்பரைப் பார்த்தார், ஏறவில்லை. "பிரேக் லைட் பாக்கணும். கொஞ்சம் முன்னாடி எடும்மா" என்றார்.

நர்ஸ் பெண் எடுத்தாள். குலுங்காமல், இருமாமல், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி எடுத்தாளாம். அவ்வளவு அழகாக அவள் அதுவரை எடுத்ததே இல்லை.

அதிகாரி பின்னால் போனார். திரும்ப முன்னால் வந்தார். மறுபடி பின்னால் போனார்.

"முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டி. இதுல எந்த வண்டிக்கு டெஸ்ட்டுன்னு எழுதட்டும்?"

மாப்பிள்ளை சிரித்துப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. டெஸ்ட் கிடையாது. இந்த வண்டி சரியாகி மறு பரிசோதனையில் தேறும்வரை அதில் யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதைத் தவிர தெருவில் இறக்கவும் கூடாது. வாத்தியார் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். நர்ஸ் பெண்ணுக்கு அடுத்த தேதி? ஒன்பது வாரம் கழித்து.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தோம். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"நான் முன்னாடி எடுத்ததுல ஏதாவது தப்பா சார்?"

அந்தச் சார் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அவள் போனதும் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். அழுதது உண்மைதான். அழுதால் என்ன? அழுதுகொண்டேதான் அந்தத் திருகாணியை உடைத்தார்.

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. எதிர்வரிசையில் இன்னொரு வாத்தியார் இருக்கிறார். "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே கற்றுக்கொடுப்பதால் அவருக்குப் பெயரே மெதுவா. அவருடைய மாணவர் ஒருவர் காலை உடைத்துக்கொண்டதால், திங்கட்கிழமை டெஸ்ட் ஒன்று அவர் கையில் சும்மா இருந்தது. கேட்டால் கொடுக்கலாம், வண்டியோடு. ஆனால் கேட்க வேண்டியது யார்? அந்த மனிதரைப் பல வருடமாக டெஸ்ட் மைதானத்தில், மாணவர்கள் முன்னிலையில், "என்ன மெதுவா, இன்னும் ரெண்டாவது கியரே வரலயா?" என்று கேலி செய்தவர்.

"அவன்கிட்டயா?" என்றார் மாப்பிள்ளை. "அவன் வண்டி நம்பரப் பாத்திருக்கீங்களா அத்தை? எப்படித் தள்ளி வச்சாலும் ஒரு வார்த்தை வராது."

"அதான் அது ஓடுது மாப்பிள்ளை."

என் மகள் அடுப்படியிலிருந்து வந்தாள். நர்ஸ் பெண் குடித்த டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடினார். வண்டிச் சாவியை எடுக்கக் கை தானாக ஆணிப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அத்தை, அந்த ஆள என்னன்னு கூப்பிடுறது?"

"உங்கள எல்லாரும் என்னன்னு கூப்பிடுறாங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு கதவைத் திறந்துகொண்டு போனார். நடந்து. படியில் இறங்கும்போது "சார்... வந்து, சார்..." என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. தெருவைத் தாண்டி, அந்த வாசலில் நின்று, மணியை அடிக்காமல் முதலில் தலையைத் தடவிக்கொண்டார். கதவு திறந்தது. சாருக்குப் பின்னால் டா வரவில்லை. அது மட்டும் பால்கனியிலிருந்தே தெரிந்தது. மெதுவா இரண்டு கையையும் நீட்டி, "மெதுவா, மெதுவா, உள்ள ஒரு படி இருக்கு, பாத்து வாங்க சார்" என்று அவரை அழைத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை டெஸ்ட் நர்ஸ் பெண்ணுக்கு என்று ஆகிவிட்டது.

நீங்களும் அன்றைக்கு ஜன்னலில் நின்று பார்த்தீர்கள், எனக்குத் தெரியும். சிரித்தீர்கள், அதுவும் தெரியும். உங்கள் வண்டியில் எல்லா எழுத்தும் அதனதன் இடத்தில்தான் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் மாடிக்காரியின் கதவில் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் தொங்குகிறதே, அந்தப் படிப்பை அவள் முடித்தாளா, பாதியில் விட்டாளா? நான்தான் படிக்கத் தெரியாதவள். நீங்கள் படித்தவர்கள், உங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் வந்து நின்று, அதில் மாட்டியிருக்கிற பெயர்ப் பலகையை நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.