கொள்ளைக்காரன் அலமாரி

பிளேடால் சுரண்டியதில் முத்திரை போகவில்லை. தாள்தான் போனது.

“ஐயோ, ஓட்டை விழுந்துடுச்சு சுஜி!” என்று பாலகுரு அலறினார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். கணவர் ஹாலின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தடிப் புத்தகம். அதன் முதல் பக்கத்தில் ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தின் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப், இப்போது பாதிதான் மிச்சம். பாலகுரு அந்தக் கல்லூரியில் படித்தவர். மூன்று வருடப் படிப்பு முடிந்து வெளியே வந்தபோது பட்டம் முழுசாக வரவில்லை, புத்தகம் முழுசாக வந்துவிட்டது.

“இன்னும் அரை மணி நேரத்துல அந்தப் பொண்ணு கேமராவோட வந்துடும். இதையெல்லாம் பார்த்தா என்ன நினைக்கும்?”

“அவ புக்கோட வெளிப்பக்கத்தைத்தானே எடுப்பா? உள்ளயா பார்க்கப் போறா?” என்றாள் சுஜி. “பேசாம அட்டை முன்னாடி தெரியற மாதிரி அடுக்கி வச்சிட்டு, போய்ச் சட்டையை மாத்துங்க.”

நல்ல யோசனைதான். பாலகுரு எழுந்தார்.

செம்பாக்கத்தில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி வீட்டில், ஹாலின் ஒரே ஜன்னலை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது அவருடைய அலமாரி. அதில் இருந்தவை எல்லாம் ஒரே ஆளைப் பற்றிய புத்தகங்கள். வில்லும் அம்புமாகக் காட்டில் திரிந்து, பணக்காரர்களை மடக்கிப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்தானே, ஆங்கிலேயர்களின் பழங்கதைக் கொள்ளைக்காரன், அவனைப் பற்றியவை. படக்கதை, பாட்டு, ஆராய்ச்சி, குழந்தைகள் பதிப்பு, தோல் அட்டை, துணி அட்டை எல்லாம் உண்டு. சுஜி அவனைப் ‘பச்சைத் தொப்பி’ என்பாள்.

இவற்றில் பாலகுரு காசு கொடுத்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. எல்லாம் ‘ரெண்டு நாள்ல படிச்சிட்டுத் தரேன்’ என்று கேட்டு வாங்கியவை. பரணில் அடைந்து கிடந்த சாமான்களும் அப்படி வந்தவைதான். இருப்பவர்களிடமிருந்து எடுப்பது என்ற வரைக்கும் அவர் அந்தக் கொள்ளைக்காரனின் வழியை அப்படியே பின்பற்றினார். கொடுப்பது பற்றிய பக்கங்களுக்கு அவர் வந்து சேரவே இல்லை. உண்மையில் எந்தப் பக்கத்துக்குமே அவர் வந்து சேரவில்லை. புத்தகத்தைப் படித்தால் அதன் முதுகு மடங்கிவிடும் என்பது அவர் கொள்கை.

யாராவது திருப்பிக் கேட்டால் ஒரே பதில்தான். “அந்த வருஷ வெள்ளத்துல போயிடுச்சு சார். ஏரி உடைச்சுக்கிட்டு உள்ளயே வந்துடுச்சு.” ஏரித் தண்ணீர் குடியிருப்பின் கீழ்ப் படிக்கட்டோடு நின்றுவிட்டது. இரண்டாவது மாடி வரை அதை ஏற்றிவிட்டவர் பாலகுரு ஒருவர்தான்.

அழைப்பு மணி அடித்தது. சினேகா உள்ளே வந்தாள். தாம்பரம் சுற்றுவட்டாரத்து மனிதர்களைப் பற்றி வீடியோ போடுகிற பெண். ஒருநாள் திடீரென்று போன் செய்து, “உங்க கலெக்‌ஷனைப் பத்திக் கேள்விப்பட்டேன்” என்றிருந்தாள். தன் புகழ் எப்படியெல்லாம் பரவியிருக்கிறது என்று பாலகுரு அன்று முழுவதும் ஆபீசில் சொல்லித் திரிந்தார்.

“அங்கிள், ரெடியா?”

அங்கிள் என்றது அவருக்குப் பிடிக்கவில்லை. அறிஞர்களை யாரும் அங்கிள் என்று கூப்பிடுவதில்லை. இருந்தாலும் கேமராவைப் பார்த்ததும் முகம் தானாக மலர்ந்தது. ஏழைகளின் துயரம் பற்றியும், செல்வம் ஒரே இடத்தில் குவிவதன் அநியாயம் பற்றியும் நீளமாகப் பேசினார்.

“சூப்பர் அங்கிள். கடைசில அவர் எப்படிச் செத்துப் போறாரு?”

பாலகுரு தொண்டையைக் கனைத்தார். “அது… அறிஞர்களுக்குள்ள இன்னும் விவாதம் நடந்துக்கிட்டிருக்கு.”

“சரி, ஏதாவது ஒரு புக்கைத் திறந்து காட்டுங்களேன். படம் இருந்தா நல்லா இருக்கும்.”

பாலகுரு அலமாரியைப் பார்த்தார். எதைத் திறந்தாலும் உள்ளே யாருடைய பெயராவது இருக்கும். தவிப்போடு சுஜியைப் பார்த்தார்.

“அந்தப் பச்சைத் துணி அட்டை புக்கு இருக்கே, அதுல கலர் கலரா படம் இருக்கும்” என்று காபியை நீட்டியபடியே சொன்னாள் சுஜி. “அதையே காட்டுங்க.”

அவர் மறுத்துப் பேசுவதற்குள் சினேகா அதை எடுத்துவிட்டாள். திறந்தாள். படத்தைக் கேமராவில் எடுத்தாள். அதற்கு முந்தின, கையால் எழுதியிருந்த பக்கத்தையும் எடுத்தாள்.

வீடியோ வெளியான அன்று மாலை வெள்ளத்துக்குப் பிறகு கீழ் வீட்டுக்குக் குடிவந்த பழைய நண்பர் வைத்தீஸ்வரனிடமிருந்து போன் வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சத்தமாகப் பேசத் தெரியாதவர்.

“பாலகுரு, அந்தப் பச்சைப் புத்தகத்துல ‘வைத்திக்கு, கிளாஸ்ல முதலா வந்ததுக்காக, அப்பா’ன்னு எழுதியிருக்கு. அது எங்கப்பா கையெழுத்து. அவர் எனக்குன்னு வாங்கிக் குடுத்தது அது ஒண்ணுதான். நீங்க வெள்ளத்துல போயிடுச்சுன்னு சொன்னப்போ நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல.”

“சார், சிக்னல் சரியா இல்ல” என்று பாலகுரு போனை வைத்தார். உடனே அடுத்த அழைப்பு. ஆபீஸ் சகா ஜெரோம்.

“குரு சார், ரெண்டாவது தட்டுல சிவப்பா இருக்கே, அது என்னோடதாச்சே?”

அதையும் வைத்தார். வீடியோவின் கீழே கருத்துகள் குவிந்துகொண்டிருந்தன. ‘மேல் தட்டில் இடதுபக்கம் இருப்பது என்னுடையது’ என்று ஒருவர். ‘அதுக்குப் பக்கத்துல இருக்கிறது என் தம்பியோடது’ என்று இன்னொருவர். ‘இந்த ஆள் எங்க வீட்டுக்கும் வந்திருக்காரு’ என்று ஓர் அம்மாள், பக்கத்தில் கோபமான முகம் போட்டு.

அவர் குறிவைத்திருந்த வாசகர் வட்டத் தலைவர் பதவிக்கு அடுத்த மாதம் தேர்தல். ஆபீசில் நாளைக்கு ஜெரோம் முகத்தில் விழிக்க வேண்டும். பாலகுரு சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“மானம் போச்சு சுஜி.”

“ஏன் போகணும்?” என்றாள் அவள், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே. “ஏழைப் பசங்களுக்கு ஒரு இலவச லைப்ரரி வைக்கறதுக்காகச் சேர்த்துக்கிட்டிருந்தேன், சஸ்பென்ஸா இருக்கட்டும்னு சொல்லலன்னு சொல்லுங்க.”

பாலகுரு கண்ணைத் திறந்தார். இத்தனை வருட மணவாழ்க்கையில் அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லாதவள். பகலிலும் டியூப் லைட் போட்டுக்கொண்டு வாழ்ந்தவள். இப்படி ஒரு மனைவி தனக்கு அமைந்தது தன் தகுதிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வைத்தீஸ்வரனுக்கு அவரே போன் செய்தார். இலவச லைப்ரரி கதையைச் சொன்னார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“நான் உங்களைத் தப்பா நெனச்சிட்டேன் பாலகுரு. என்னை மன்னிச்சிடுங்க.”

“பரவாயில்ல சார்” என்று பெருந்தன்மையோடு மன்னித்தார் பாலகுரு.

மறுநாளே விபரீதம் ஆரம்பித்தது. வைத்தீஸ்வரன் குடியிருப்பு முழுவதும் சொல்லிவிட்டார். லிஃப்டில் ஏறினால் கைகுலுக்கினார்கள். கோபமான முகம் போட்ட அம்மாள் அதை எடுத்துவிட்டுக் கும்பிடும் கைகளைப் போட்டார். புத்தகம் பறிகொடுத்தவர்கள் எல்லாம், இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேற்கொண்டு புத்தகங்களோடு வந்தார்கள். எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “லைப்ரரி எப்போ திறக்கறீங்க?”

“இப்ப என்ன பண்றது?” என்று பாலகுரு சுஜியிடம் பதறினார். “நெஜமாவே திறக்கச் சொல்றாங்க!”

“இடம் கிடைக்கலன்னு சொல்லுங்க. மாடம்பாக்கம் பக்கம் தேடறோம், ஒண்ணும் அமைய மாட்டேங்குதுன்னு சொன்னா, கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க.”

பாலகுரு ஆபீஸ் கேன்டீனில் எல்லாரும் கேட்கும்படி, மிகுந்த வருத்தத்தோடு அதைச் சொன்னார்.

ஜெரோம் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தே விட்டார். “சார், என் வீடே மாடம்பாக்கத்துலதானே இருக்கு! கோயிலுக்குப் பின்னால மூணாவது தெரு. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. வாடகைன்னு பேச்செடுத்தீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

ஜெரோமின் வீடு எங்கே என்பது பாலகுருவுக்கு மறந்தே போயிருந்தது. சிவப்புப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்த நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்று முடிவாயிற்று. பாலகுருவைக் கேட்காமலேயே பேனர் அடித்தார்கள். அதில் அவர் கையில் வில்லும் தலையில் பச்சைத் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவர் அலமாரியின் முன்னால் நின்று அதன் கண்ணாடிக் கதவைத் தடவிக்கொண்டிருந்தபோது சுஜி பக்கத்தில் வந்தாள்.

“இப்படிக் கண் கலங்கினா எப்படி? எல்லாத்தையுமா குடுக்கணும்? கிழிஞ்சது, பொடிப் பசங்க புக்கு, இப்ப எல்லாரும் புதுசா குடுத்தது, இதை மட்டும் லைப்ரரிக்கு அனுப்புங்க. நல்லதையெல்லாம் நான் அரிசி மூட்டையில கட்டித் தரேன். பெருங்களத்தூர்ல உங்க தம்பி மோகன்ராஜ் வீட்ல போட்டு வைங்க. சத்தம் அடங்கினதும் எடுத்துட்டு வந்துடலாம்.”

பாலகுருவுக்கு உயிர் வந்தது. “நீ மட்டும் அந்தக் காலத்துல காட்டுல இருந்திருந்தா, ராஜாவே உன்கிட்ட தோத்திருப்பான்” என்றார்.

“போங்க” என்று சிரித்தாள் சுஜி.

ஞாயிறு காலை டிரைவர் சவுரிமுத்து தன் குட்டியானை மினி லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பாலகுரு மேலே பட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்ததால், சுஜிதான் கீழே போய் எந்த மூட்டை எங்கே இறங்க வேண்டும் என்று அவனிடம் விலாவாரியாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

“நீ வரலையா?”

“நீங்க போங்க. எனக்கு வீட்ல கொஞ்சம் வேலை கிடக்கு.”

மாடம்பாக்கத்தில் ஜெரோம் வீட்டு மாடியில் நல்ல கூட்டம். பாலகுருவுக்கு மாலை போட்டார்கள். கதவில் கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். உள்ளே நுழைந்தார். நுழைந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

சுவர் ஓரமாக இருந்த புது ரேக்குகளில் தோல் அட்டைகள் மின்னின. துணி அட்டைகள் மின்னின. ரேக்குக்குக் கீழே காலி அரிசி மூட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

மாடிப்படிக்கு ஓடிப் போய்ச் சவுரிமுத்துவைப் பிடித்தார். “டேய், அந்த மூட்டைங்க பெருங்களத்தூர் போகணும்டா!”

“இன்னா சார் டென்ஷன் ஆவுற? அல்லாம் புக்குதானே?” என்றான் அவன். “ஜிஎஸ்டி ரோட்ல செம ஜாம் சார், ஒரே பேஜாரா கீது. அதான் அல்லாத்தையும் இங்கயே எறக்கிட்டேன்.”

“திருப்பி ஏத்துடா!”

“இன்னா சார் சொல்ற? அங்க பாரு, புள்ளைங்க எட்து படிச்சிகினு கீதுங்க.”

உண்மைதான். தெருப் பிள்ளைகள் எல்லாம் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். புத்தகங்களின் முதுகுகள் மடங்குகிற சத்தம் பாலகுருவுக்குத் தன் முதுகிலேயே கேட்டது. வைத்தீஸ்வரன் பச்சைத் துணி அட்டைப் புத்தகத்தைக் கண்டுபிடித்து, அப்பாவின் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அஞ்சலி என்று ஒரு சின்னப் பெண், வில்லை வளைத்து நிற்கிறவனின் படத்தையே எட்டி எட்டிப் பார்த்தாள். வைத்தீஸ்வரன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார்.

“படிச்சிட்டு இங்கயே வச்சிடும்மா. நானும் அப்பப்போ வந்து பார்த்துக்கறேன்.”

பாலகுருவைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தார். எதிரே ஒரு பையன் சிவப்புப் புத்தகத்தின் பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டினான்.  பாலகுருவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் கொட்டியது.

“என்ன மனசு பாருங்க!” என்றார் ஜெரோம், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

வாசகர் வட்டத்துக்காரர்கள் அங்கேயே அவரைப் போட்டியின்றித் தலைவராக்கினார்கள். பாலகுரு மாலையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். போனது போகட்டும், வீட்டில் தன்னைப் புரிந்துகொண்டு ஆறுதல் சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். போய் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்.

கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த சினேகா, ஏதோ ஞாபகம் வந்தவளாக அவரிடம் வந்தாள்.

“அங்கிள், ஆன்ட்டி முதல்ல போன் பண்ணிச் சொன்ன, ஷெல்ஃப் காலி பண்ற வேலை முடிஞ்சுது, அடுத்துப் பரணைக் காலி பண்றதுக்கு எப்போ வந்து வீடியோ எடுக்கணும்னு அவங்களைக் கேட்டுச் சொல்றீங்களா?”