பிரபு வீட்டுத் துட்டி

டெர்பி,
இங்கிலாந்து.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மைத்துனர் சிரஞ்சீவி தாணுமாலையனுக்கு, அத்தான் குமரகுருபரன் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உம் அக்காள் பிரம்மநாயகியும், மகள் சித்ரலேகாவும், மாப்பிள்ளை கணேஷ்ராமும் நலம். அவ்விடம் உம்முடைய நலத்தையும், தங்கை பாலம்மாள், குழந்தை சுகிர்தா நலத்தையும் அறிய ஆவல். நலம் என்று மேலே எழுதியது வழக்கத்துக்காக எழுதியது. உண்மையில் நலம் கிடையாது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர். போனில் பேசினால் உம் அக்காள் காதில் விழும், விஷயமே அவளைப் பற்றியது. அவள் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. சாப்பாடு தட்டில் வருகிறது, பேச்சு வருவதில்லை. பாளையங்கோட்டையில் இப்படி இருந்தால் நான் பாட்டுக்கு வாசலுக்கு வந்து நாலு பேரோடு பேசிக்கொண்டிருப்பேன். இங்கே மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு அறையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மழை வரும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். இந்தத் தேசத்தில் எனக்கு வாய் திறந்து பேச இருந்தவள் அவள் ஒருத்திதான், அவளும் வாயை மூடிக்கொண்டால் நான் சுவரோடுதான் பேச வேண்டும். நீர் சொன்னால் கேட்பாள். நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீரே பாரும்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர. பழைய பங்களாக்களைப் பாதுகாக்கிற ஏதோ ஒரு சங்கத்தில் குடும்பத்தோடு வருஷ உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார். சேர்ந்துவிட்டதால் போயே ஆக வேண்டுமாம். சனிக்கிழமை விடிந்தால் எங்களைக் காரில் ஏற்றி, ஆடு மேய்கிற காட்டு வழியெல்லாம் ஓட்டி, எவனோ ஒரு பிரபுவின் வாசலில் இறக்கிவிடுகிறார். நான் சார்பதிவாளராக இருந்து ஊரார் வீட்டுப் பத்திரங்களைப் பதிந்தே ஓய்வு பெற்றவன். வீடு என்றால் அதற்கு ஓர் ஆள் வேண்டாமா? வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் சுவரில் தொங்குகிற படத்தைக் காட்டுகிறார்கள். முதல் வீட்டில் ஏறி இறங்கி முழங்கால் வலித்தது. ஒரு நல்ல நாற்காலி கிடந்தது, அதில் யாரோ ஒரு முள்காயைப் போட்டிருந்தார்கள். ஏதோ குழந்தை விளையாடிவிட்டுப் போயிருக்கிறது என்று அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உடனே ஓர் அம்மாள் ஓடி வந்தாள். உட்காரக்கூடாது என்று வாயால் சொல்வது மரியாதை இல்லையாம், அதனால் முள்ளை வைக்கிறார்களாம். வந்தவனுக்கு நாற்காலியில் முள் வைக்கிற மரியாதையை நீர் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? அடுத்த வாரத்து வீட்டில் அடுப்படியையே திறந்து காட்டினார்கள். செம்புப் பாத்திரம் மட்டும் ஒரு சுவர் முழுக்க, அத்தனையும் விளக்கித் துடைத்துப் பளபளவென்று. ஒரு வாய் காப்பி கிடையாது. கேட்டால் வெளியே கடை இருக்கிறது, வரிசையில் நில் என்கிறார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன சனிக்கிழமை போன வீட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. மாடியில் ஓர் அறை. கட்டில், மேஜை, பாலிஷ் போட்ட பூட்ஸ், சீப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. வாசலோரம் ஒரு பெரிய மனுஷி நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பளம் வாங்காமல் விருப்பப்பட்டு வந்து செய்கிற வேலையாம். பிரபுவுக்கு ஒரே மகன், முதல் உலகப் போருக்குப் போனவன் திரும்பவில்லை, பெற்றவள் கடைசிவரை அந்த அறையில் ஒரு சாமானையும் நகர்த்த விடவில்லை என்று அவள் சொல்ல, சித்ரலேகா தமிழில் அம்மாவுக்குச் சொன்னாள். அவ்வளவுதான். உம் அக்காள் கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த மனுஷியின் நாற்காலி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலச்சன் பிள்ளைய வாரிக் கொடுத்துட்டு எப்படித் தாயி தாங்குனா அந்த மகராசி" என்று ஆரம்பித்துவிட்டாள்.

துட்டி கேட்கிறாள், தாணு. இங்கிலாந்தில், சனிக்கிழமை மத்தியானம், டிக்கெட் கிழிக்கிற இடத்தில், உம் அக்காள் துட்டி கேட்கிறாள். அவளைப் பற்றி உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்குநேரிக்குப் போகிற பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தவர்களோடு பேச்சுக் கொடுத்து, அவர்களோடேயே இறங்கி, முன்பின் தெரியாத வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு வந்தவள். இருந்தாலும் இங்கேயுமா?

சித்ரலேகா தவித்துப்போனாள். "அம்மா, எந்திம்மா. அவன் செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

"ஆனா என்னட்டி? நாம இப்பத்தான கேள்விப்படுதோம். தெரிஞ்ச பெறகு கேக்காமப் போனா மனுச மக்களா நாம?"

அந்தப் பெரிய மனுஷியாவது விலக்கிவிடுவாள் என்று பார்த்தால், அவளும் குனிந்து இவள் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் புரியாது. எங்களுக்குப் பின்னால் படிக்கட்டு வரைக்கும் கூட்டம் நிற்கிறது. ஒரு நெட்டை மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். உம் அக்காள் அந்த அழுகைக்கு நடுவிலும் என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கிட்டு நிக்கியளே, வந்து கை கொடுங்க" என்றாள். நம் ஊரில் ஆண்பிள்ளைகள் துக்க வீட்டில் கை கொடுப்பது சரி. இங்கே யாருக்குக் கொடுப்பது, அந்தக் கட்டிலுக்கா? நான் விறுவிறுவென்று இறங்கித் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அதோடு விட்டாளா? புறப்படும்போது அந்த மனுஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசியம் மறுபடி வாருங்கள் என்றாளாம். துட்டி வீட்டில் வாருங்கள் என்பதும் போய்வருகிறேன் என்பதும் உண்டா என்று உம் அக்காள் பதில் சொல்லாமல் வந்துவிட்டாள். எனக்கு நல்ல பசி, சர்க்கரை மாத்திரை வேறு போட்டிருந்தேன். கடையில் கேக்கும் டீயும் கண்ணுக்கு எதிரே இருக்கின்றன. குளிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று காருக்குள் தள்ளிவிட்டாள். மாப்பிள்ளையும் சரி அத்தை என்று வண்டியை எடுத்துவிட்டார். வீட்டில் குளியலறை ஒன்றே ஒன்று. என் முறை வரும்போது வெந்நீர் தீர்ந்துபோயிற்று. தாமிரபரணியில் மார்கழி மாதம் முங்கின உடம்புதான், ஆனாலும் அந்தத் தண்ணீர் எலும்புக்குள் போய்விட்டது.

பசியில் காரில் வரும்போது நானும் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். "ஒனக்கு மூள இருக்கா? செத்தவன் நமக்கு ஒட்டா, ஒறவா? பாத்துட்டு வரச் சொன்னா உக்காந்து அழுதுக்கிட்டு இருக்க. அந்தம்மா நம்மளக் கோட்டிக்காரக் கூட்டம்னுல்லா நெனச்சிருப்பா" என்றேன். இதில் என்ன தப்பு? அன்றைக்கு மூடின வாயை இன்றைக்கு வரை திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் தலைகுனிந்தவன் நான், கோபம் மட்டும் அவளுக்கு. நம் குடும்பத்தின் மானம் போகக்கூடாது என்பதற்காக, அந்த வீட்டு ஆபீசுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கும்படி மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீரும் அவளிடம் இடம் பார்த்து, ஆள் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்று எடுத்துச் சொல்லும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

காந்திமதியம்மை அருளால் உங்கள் வீட்டில் எல்லாம் செழிக்கட்டும். பாலம்மாளை விசாரித்ததாகச் சொல்லவும். சுகிர்தா படிப்பில் முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
அநியாயமாகத் தண்டிக்கப்பட்டிருக்கும் அத்தான்,
கு. குமரகுருபரன்,
சார்பதிவாளர் (ஓய்வு).

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிவிட்டதால் வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். மேலே எழுதியதில் எதையும் உம் அக்காளிடம் கேட்க வேண்டாம். மாப்பிள்ளை இன்று காலை அந்த வீட்டு ஆபீசுக்குப் போன் செய்தார். அந்தப் பெரிய மனுஷியே பேசினாளாம். பெயர் டோரதி. போன மாசி மாதம் அவளுடைய புருஷன் தவறிவிட்டாராம். தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லோரும் வாசலில் அனுதாப அட்டையைப் போட்டுவிட்டுப் போனார்களாம், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தது உம் அக்காள் ஒருத்திதானாம். பச்சைச் சேலை கட்டின அம்மாள் ஒரு தடவை என் வீட்டுக்கு வருவார்களா என்று கேட்டாளாம். மாப்பிள்ளை இதைச் சொல்லி முடித்ததும் உம் அக்காள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு அன்னைக்கே தெரியும். அவ அழுதது நூறு வருசத்துக்கு முந்தின அழுக இல்ல. சனிக்கிழம நீங்களும் வாங்க. வந்து பக்கத்துல உக்காருங்க, வாயத் தெறக்க வேண்டாம்."

சரி என்று மட்டும் சொன்னேன்.