ஆம்பியர் அக்காவும் சூப்பிரண்டின் ஈர வேட்டியும்

சூரியனைக் கும்பிடுகிறவர்களை மதுரையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். சூரியனிடம் கணக்குக் கேட்டு நச்சரித்தவர் எனக்குத் தெரிந்து ஆம்பியர் அக்கா ஒருவர்தான்.

தல்லாகுளத்தில் நாங்கள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவர் மூத்த கிளார்க். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி இங்க யாரும் இல்லையே" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். விடுமுறை வந்தால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்த் தங்குவது அக்காவின் வழக்கம். கூடாரத்தைவிட, அதற்குள் எரிகிற விளக்குக்கு வெயிலிலிருந்து கரண்ட் எடுப்பதில்தான் அவருக்கு உயிர். அவர் வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை கூடப் போனார். "வீட்ல ஃபேன் தன்னால சுத்துது. அதைக் காட்டுல போய்ச் சுத்த வைக்கிறதுக்கு இம்புட்டுப் பாடா" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்தான்.

அக்காவிடம் எதைப் பேசினாலும் பேச்சு சோலார் பேனலில் வந்து முடியும். எனக்கு மாப்பிள்ளை பார்த்த சமயம், வந்த வரனைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "வேணாம்த்தா. அவன் பி.டபிள்யூ.எம். மாதிரி தெரியுறான். நீ எம்புட்டுக் குடுத்தாலும் பாதியை வீணாக்கிருவான். எம்.பி.பி.டி. மாதிரி ஒருத்தனாப் பாரு" என்றார். அன்றைக்கு எனக்கு இரண்டுமே விளங்கவில்லை. ஏதோ படிப்பு என்று நினைத்து அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மாவும் தரகரிடம், "எம்.பி.பி.டி. படிச்ச பையனா இருந்தாப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

விளங்கியது, அவரோடு பழங்காநத்தத்தில் ஒரு கடைக்குப் போனபோதுதான். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாட்டுகிற சார்ஜ் கன்ட்ரோலர் வாங்க வேண்டும். அதில் பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்று இரண்டு வகை. கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்து, "இது போதும்க்கா, எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

"எல்லாரும் எந்த பேனலுக்கு வாங்குறாங்க? சின்ன பேனலா இருந்தா பி.டபிள்யூ.எம். போதும், நான் குறை சொல்லலை. என் பேனலோட வோல்டேஜ் பேட்டரியை விட ரொம்பக் கூட. இதுல மாட்டினா அந்தக் கூடுதல் அம்புட்டும் வீண். எம்.பி.பி.டி. தான் அதையும் கரண்டா மாத்திக் குடுக்கும். அதுலயும் எத்தனை வோல்ட் வரை தாங்கும்னு பார்த்துத்தான் எடுக்கணும். இல்லைன்னா கருகிப் போகும்."

கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார். நான் விளம்பரத் தட்டியைப் படிப்பது போல நின்றுகொண்டேன். கடைசியில் அக்கா கேட்டது கிடைத்தது. நாங்கள் வெளியேறியதும் கடைக்காரர் தனக்கு ஒரு டீ சொன்னது வாசல் வரை கேட்டது.

போன தை மாதம், அலுவலகத்தில் எல்லோருமாக ஒரு நாள் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவானது. இடம், நாகமலை புதுக்கோட்டை தாண்டி, எங்களோடு வேலை பார்க்கும் பாண்டியின் தோட்டம். பம்புசெட்டுக்கு வருகிற கரண்ட் மத்தியானத்தோடு நின்றுவிடும் என்று அவன் முன்பே எச்சரித்திருந்தான். அக்காவுக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. போனதுமே நிழல் விழாத இடமாகப் பார்த்து, பேனலைச் சாய்த்து வைத்துவிட்டார்.

எங்கள் சூப்பிரண்டு பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்து ஈர வேட்டியை அந்தப் பேனல் மேல் காயப் போட்டார்.

"சார், வேட்டியை எடுங்க. சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு."

"பாதியைத்தானம்மா மூடியிருக்கு. மீதிப் பாதியில ஏறட்டும்."

"டியூபைப் பாதியில மிதிச்சா நுனியில தண்ணி வருமா சார்?"

சூப்பிரண்டு முனகிக்கொண்டே எடுத்தார். அக்கா சமையல் பக்கம் போனதும் மறுபடி போட்டுவிட்டார். அது தெரிய வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பேட்டரியில் பாதிதான் இருந்தது. அக்கா வேட்டியை மடித்து அவர் மடியில் வைத்தார்.

அந்தி சாயும் நேரம், பக்கத்துக் களத்தில் வைக்கோல் உதறினார்கள். தூசி எங்கள் பக்கமாக வந்தது. சூப்பிரண்டு இரண்டு முறை இருமினார். அப்புறம் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. அவருக்கு ஆஸ்துமா உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். கையில் வைத்து இழுக்கிற மருந்தை வீட்டிலேயே விட்டுவிட்டார். மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் மட்டும் அவர் மனைவி புண்ணியத்தில் பையில் இருந்தது. அதற்குக் கரண்ட் வேண்டும். நாங்கள் வந்த வேனோ சாமான் வாங்க ஊருக்குள் போயிருந்தது. பாண்டி டிரைவருக்கு போன் போட்டான். சூப்பிரண்டின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

அக்கா அந்த மெஷினைத் திருப்பி, எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார். நேராகப் போய், பேட்டரியின் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன், பாட்டுப் பெட்டி, சட்னி அரைபட்டுக்கொண்டிருந்த மிக்சி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். விளக்கும் அணைந்தது. நெபுலைசரை மாட்டினார். உர்ரென்று ஒரு சத்தம், மாஸ்க்கிலிருந்து புகை போல மருந்து. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"மெதுவா இழுங்க சார். அவசரமே இல்லை" என்று அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வாட்ஸ், வோல்ட் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கன்ட்ரோலரில் பேட்டரியின் மிச்சத்தைக் காட்டிய பச்சை வெளிச்சத்தை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது. சூப்பிரண்டு மாஸ்க்கை விலக்கி, "ஏம்மா, பேட்டரியில இன்னும் எம்புட்டு இருக்கு?" என்றார்.

"பேசாதீங்க சார். அதுக்கும் கரண்ட் செலவாகும்."

எல்லோரும் சிரித்தோம். பாண்டி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வேன் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, சரியான நேரத்தில் மருந்து உள்ளே போயிருக்கிறது, பயமில்லை என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார். சூப்பிரண்டை அவர் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுத் தல்லாகுளம் பக்கம் திரும்பினோம். வேன் கோரிப்பாளையம் தாண்டுவதற்குள் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தோள் மரத்துப் போயிற்று. அவர் இறங்க வேண்டிய இடம் வந்தது. நான் டிரைவரிடம், "அண்ணே, இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றேன்.