ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

தாண்டிக்குடி,
செவ்வாய்.

அன்பு மருமகன் அஸீமுக்கு, உன் தாய்மாமன் இப்ராம்சா ஸலாம் கூறி எழுதுவது. நாடுகளுக்கெல்லாம் கடன் கொடுக்கும் வங்கியில் இருக்கும் உன் நலத்துக்கு துஆ செய்கிறேன். இங்கும் யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

உங்கள் வங்கிக் கடனில் நம் ஊற்றுக்குத் தொட்டி கட்டிக் குழாய் போட்டார்கள். அதுவரை நல்லதுதான். கடனோடு ஒரு நிபந்தனையும் மலையேறி வந்தது. ஊற்றுத் தண்ணீரை ஆளுக்கொரு நாள் முறை வைத்து எடுப்போம் அல்லவா, அந்த முறையை இனி ஏலத்தில் விற்கலாம், வாங்கலாம், இனாமாகக் கொடுக்கக் கூடாதாம். சந்தை வந்தால் எல்லாம் தானாகச் சீராகும் என்று ஜீப்பில் வந்த உங்கள் வங்கி அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். ஒருவருக்கும் விளங்கவில்லை. நம் அஸீமோடு வேலை பார்க்கிறவர், முகம் வாடிப் போகக் கூடாதென்று முதலில் கை தூக்கியவன் நான்தான். என்னைப் பார்த்து எல்லாரும் தூக்கினார்கள்.

இப்போது கேள். வருகிற ஞாயிறு உன் தங்கை ஷிபானாவுக்கு நிக்காஹ், ஐந்நூறு பேருக்கு பிரியாணி. கல்யாண வீட்டுக்கு அன்றைய முறைக்காரர் தண்ணீரை விட்டுக்கொடுப்பது நம் வழக்கம். ஞாயிறு முறை கித்தேரியம்மாளுடையது. அவரும் "எடுத்துக்கங்க பாய், நம்ம புள்ள கல்யாணம்" என்றார். தண்ணீர்க் கமிட்டி எழுத்தர் அருள்பிரகாஷ் விடவில்லை. "சும்மா குடுத்தா வெல ஒடஞ்சிரும்னு விதி இருக்குங்க. ஏலத்துக்கு வாங்க." போனேன். புது விடுதிக்காரர் மனோஜ்குமார் கேட்ட விலையில் எனக்குத் தலை சுற்றியது, ஞாயிறு முறை அவருக்கே போயிற்று. அவருடைய அறைகளில் விருந்தாளி தொட்டியில் படுத்துக்கொண்டே குளிப்பாராம். அவர் முங்கிக் கிடக்க, நம் பிரியாணி அரிசி களையாமல் கிடக்க வேண்டுமா? உன் அம்மா ஆமினா இரண்டு நாளாக என்னிடம் பேசுவதில்லை. "கை தூக்குன ஆளே தண்ணி கொண்டாரட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வருகிறதப்பா. எத்தனை நாட்டில் இப்படிக் கை தூக்க வைத்தீர்களோ தெரியாது. இந்த ஓர் ஊற்றையாவது விட்டுவிடும்படி உன் மேலதிகாரியிடம் வெரசாகச் சொல். என் மகன் ஃபவாஸ் இதைப் போனில் படமெடுத்து அனுப்புவான்.

உன்னையும் உன் வேலையையும் அல்லாஹ் காப்பானாக. உன்னைக் கூடுதலாகவே காக்கட்டும்.

உன் மாமா,
இப்ராம்சா

பின்குறிப்பு: படமெடுக்குமுன் மனோஜ்குமாரே என் கடைக்கு வந்துவிட்டார். ஞாயிறு முறை நமக்குத்தான். பதிலுக்கு என் வியாழக்கிழமை முறையை மூன்று வருஷத்துக்கு அவருக்கு விற்றுவிட்டேன், கையிலும் கொஞ்சம் நின்றது. ஆகவே மேலதிகாரியிடம் எதுவும் பேசிவிடாதே, விதியை எடுத்தால் பேரம் கெட்டுவிடும். நாங்கள் வியாழன்தோறும் உன் அம்மா வீட்டில் குடம் நிரப்பிக்கொள்வோம். அவள் விலை கேட்க மாட்டாள்.