பின்வரிசை நாலு பேரும் டிசம்பர் கல்யாணமும்

அன்பு மகள் கிளாரிஸுக்கு அப்பா ரூஃபஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம். பாஸ்டனில் நீயும் எலியட் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் ஜெபம் செய்கிறேன். நிற்க.

டிசம்பர் முதல் சனிக்கிழமை வைத்திருக்கும் உங்கள் கல்யாணத்தைத் தள்ளிவை. பதறாதே, மாப்பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு நம் லாங்லீஃப் கல்லூரி ஃபுட்பால் அணி, 'கழுதைகள்' என்று பேர் வாங்கிய நம் பையன்கள், இறுதியாட்டம் ஆடப் போகிறார்கள். நீ பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் இதையே சொல்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தடவை கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நேற்று சீசனுக்கு முந்தைய ஒத்திகை ஆட்டம். நம் பையன்களே பச்சை, வெள்ளை என்று பிரிந்து ஆடினார்கள். போன வருஷம் நம் பின்வரிசை இருந்த லட்சணம் உனக்குத் தெரியும். (அமெரிக்க ஃபுட்பாலில் எதிராளி தூரமாகக் கையால் எறிகிற பந்து அவன் ஆள் கையில் சேராமல் தடுப்பதுதான் பின்வரிசையின் வேலை என்று மாப்பிள்ளைக்குச் சொல்.) பந்து தலைக்கு மேலே போக, நாலு பேரும் அண்ணாந்து வேடிக்கை பார்ப்பார்கள். இப்போதோ, வலது ஓரத்தில் டிமாரியஸ், ஆளை ஒட்டினால் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொள்கிறான். இடது ஓரத்தில் ஹாலிஸ், கால் கொஞ்சம் மெதுவு, வாய் படுவேகம். "என்னண்ணே, பந்துக்கா காத்திருக்கே? உக்காந்துக்க, கால் வலிக்கப்போவுது" என்று பேசியே எதிரில் நிற்பவனைக் குழப்பிவிடுகிறான். நடுவில் க்விண்டன், எறிகிறவன் கண்ணைப் பார்த்தே பந்து போகும் திசையைச் சொல்லிவிடுவான். அவன் பக்கத்தில் பிக்கன்ஸ், போன வருஷம் நம்ம ஆளையே இடித்துத் தள்ளியவன், இப்போது சரியான ஆளை இடிக்கிறான். முன்னேற்றம்தானே!

பந்து மேல எழும்புது, டிமாரியஸ் பறிச்சுட்டான், மறுபடி எறியுறாங்க, ஹாலிஸ் பறிச்சுட்டான், அடுத்தது க்விண்டன், எறிஞ்சதெல்லாம் நம்ம பசங்க கையில! நான் குதிச்ச குதியில அவிச்ச வேர்க்கடலை உப்புத்தண்ணியோட பாஸ்டர் ஓக்லி மடியில கொட்டிடுச்சு. திட்டப்போறார்னு பார்த்தா, மனுஷன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழறார். "ரூஃபஸ், டிசம்பர்ல உம் மக கல்யாணத்தை நான்தானே நடத்தணும்? அன்னிக்கு எனக்கு ஒடம்பு சரியில்லாம போகப்போவுதுப்பா"ன்னார். அங்கேயே ரெண்டு பேரும் சேர்ந்து கல்யாணத்தை ஜனவரி கடைசிக்கு மாத்திட்டோம்.

ஆட்ட நாளில் கல்யாணம் வைத்தால் என்ன ஆகும் என்று உன் லுவெல்லா அத்தையைக் கேள். பாஸ்டர் "சம்மதமா?" என்று கேட்ட நேரம் பாடகர் வரிசையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் "விட்டுட்டானே பாவி!" என்று அலறினான். அத்தை இன்னும் அவனோடு பேசுவதில்லை.

ஆகவே அழைப்பிதழ் அச்சடிக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் நம் பின்வரிசையையும் காயமில்லாமல் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
தொண்டை கட்டிப்போன உன் அப்பா
ரூஃபஸ்

பின்குறிப்பு: கடிதத்தை அம்மாவுக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏய்யா ரூஃபஸ், அந்தப் பந்தையெல்லாம் எறிஞ்சது யாரு?"

"நம்ம கோல்பிதான்."

"சீசன் முழுக்க நமக்கு எறியப்போறதும் அவன்தானே?"

பாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் வீட்டம்மாவும் இதையேதான் கேட்டாராம். டிசம்பர் முதல் சனிக்கிழமையே இருக்கட்டும் கண்ணு, அவர் உடம்புக்கு ஒன்றும் வராது. பீடத்துக்கு உன்னைக் கைபிடித்து அழைத்து வரும்போது நான் தேம்பித் தேம்பி அழுதால், மகளைப் பிரிகிற அழுகை என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவை.